அவனுக்குத்தான் வரும்

"அவனுக்குத்தான் வரும்" என்று நான் சொன்னேன். இரண்டே சொற்கள். அவற்றைச் சொன்னபோது என் குரல் எப்படி இருந்தது, முகத்தில் சிரிப்பு இருந்ததா, கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தேனா என்பதையெல்லாம் இரண்டு வருடங்களாகத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தக் காட்சி சற்று மாறி எனக்குச் சாதகமாகவே வந்து நிற்பதால், என் ஞாபகத்தை இப்போது நான் அதிகம் நம்புவதில்லை. பாடசாலையின் கிறிஸ்மஸ் நிகழ்ச்சியான ஒளிவிழாவில் ஒரு பையனுக்குத் தப்பு என்ற தோல்பறையை நான் ஒதுக்கியதைப் பற்றி அவனுடைய தாய் கேட்ட கேள்வி மட்டும் ஒரு எழுத்தும் மாறவில்லை. "டீமேக்கர் ஐயா மவனுக்கு கீபோட் குடுத்தீங்க. எம் மவனுக்கு மட்டும் ஏன் சேர் தப்பு?"

டீமேக்கர் என்பவர் தேயிலைத் தொழிற்சாலையின் உத்தியோகத்தர்; கேட்டவரோ கொழுந்து பறிப்பவர். அதற்கு நான் தந்த பதில்தான் அந்த இரண்டு சொற்கள். அவர் அரைப்பேரோடு, அதாவது அரைநாள் கூலியோடு, தேயிலை மலையை விட்டு வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை; கொழுந்துச் சாறு ஊறிக் கறுத்த விரல்களால் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் என்னையே பார்த்தபடி நின்றார். பிறகு, "ஆமாங்க சேர், எங்களுக்குத்தானே வரும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். நான் ஒருமையில் சொன்னதை அவர் பன்மையில் திருப்பித் தந்திருக்கிறார் என்பது அன்று பின்னேரம், கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

நான் சித்திர ஆசிரியன். கிறிஸ்தவ பாடத்துக்கு எங்கள் பாடசாலையில் ஆளில்லாததால் அதுவும் என் நேரசூசியில் வந்து சேர்ந்தது. சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாயப் பாடம். சித்திரமும் சங்கீதமும் நடனமும் தெரிவுப் பாடங்கள். கடவுள் கட்டாயம், அழகு அவரவர் விருப்பம் என்று ஆசிரியர் அறையில் நான் சொல்லும் பகிடிக்கு இப்போதெல்லாம் யாரும் சிரிப்பதில்லை. ஆனாலும் இரண்டு பாடத்தையும் ஒரே ஆள் எடுக்கும்போது, காலையில் தூரிகையோடு நின்ற வகுப்பில் மத்தியானம் வேதாகமத்தோடு நிற்கும்போது, இரண்டுக்கும் நடுவில் யாரோ எழுப்பிய சுவர் தேவையற்றது என்ற எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது. ஒளிவிழாவில் வருடாவருடம் பஞ்சு ஒட்டிய தாடிக் கிழவரையும், பனி தூவிய பாலன் குடிலையும், ஆங்கில மெட்டில் தமிழ்ச் சொற்களை நெருக்கி அடைத்த கரோல் கீதங்களையும் பார்த்துச் சலித்தவன் நான். எங்கள் மலையில் விழுவது மூடுபனி. அதற்குப் பஞ்சு வேண்டியதில்லை.

அந்த வருடம் தரம் 8, 9 பிள்ளைகளைக் கண்டி திரினிட்டிக் கல்லூரியின் சிற்றாலயத்துக்கு அழைத்துச் சென்றேன். 1923இல் அடிக்கல் நாட்டி 1935இல் பிரதிஷ்டை செய்த ஆலயம் அது. அதை வடிவமைத்த கெஸ்டர் என்ற குருவானவர், ஐரோப்பியக் கூம்பு வளைவுகளை விட்டுவிட்டு, இந்நாட்டுப் பழைய மண்டபங்களைப் போலச் செதுக்கிய கற்றூண்களின் மேல் கூரையை நிறுத்தினார். உள்ளே டேவிட் பெயின்டர் என்ற ஓவியர் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. ஆங்கிலேயத் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் 1900இல் பிறந்த பெயின்டரை, நுவரெலியாவில் அவருடைய குடும்பம் நடத்திய சிறுவர் இல்லத்தின் பெயரால் மலைநாட்டில் பலரும் அறிவார்கள். அவர் வரைந்த சிலுவைக் காட்சியில் கிறிஸ்துவுக்குத் தாடி இல்லை, கருநிற மேனி. ஏசாயா 53ஆம் அதிகாரத்தில் வரும் தாசனுக்கு நாம் விரும்பத்தக்க அழகும் இல்லை, சௌந்தரியமும் இல்லை. வேதம் அழகில்லை என்று சொன்ன ஒருவரை ஓவியன் எப்படி அழகாக வரைவது, வரைந்தால் அது பொய்யாகுமா என்று பிள்ளைகளிடம் கேட்டேன். நல்ல கேள்வி என்று எனக்கே ஒரு திருப்தி. ஒருவன் மட்டும் படத்தைப் பார்க்காமல் வாங்கின் ஓரத்தை விரல் மடக்கித் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது கினிகத்தேனை வளைவுகளில் வேன் இறங்கி ஏறிய முக்கால் மணித்தியாலமும் முன் இருக்கையின் முதுகில் அவன் அடித்த அடியில் ஒருமுறைகூடத் தாளம் தப்பவில்லை. யாரிடம் பழகினாய் என்று கேட்டேன். "தாத்தா சேர்" என்றான்.

அவனுடைய தாத்தா, தாயின் தகப்பன், ஒரு காலத்தில் தோட்டத்துத் தப்புக்காரர். விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்களை எழுப்ப அடித்ததும், சாவு வீட்டில் அடித்ததும், காமன் கூத்தில் அடித்ததும் அவர்தான். நான் கேட்டவுடன் பரணிலிருந்து தப்பை இறக்கித் தூசி தட்டி, மறுநாளே பேரனிடம் கொடுத்து அனுப்பினார். சித்திர அறையின் பின்பக்கம், கழிந்த தவணையின் வினாத்தாள்களைக் குவித்துக் கொளுத்தி, அந்தப் பையன் தப்பைக் காய்ச்சியதை நான் மறக்கவில்லை. நெருப்புக்கு மேலே வட்டமாகச் சுழற்றுவான். புறங்கையால் தோலைத் தடவிச் சூடு பார்ப்பான். பெருவிரலால் ஒரு தட்டு தட்டிக் காதருகே பிடிப்பான். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் நெருப்புக்குக் கொண்டுபோவான். எங்கள் குளிரில் கால் மணித்தியாலத்துக்குள் தோல் தளர்ந்துவிடும். நாலாம் முறை காய்ச்சியபோது தட்டு கணீரென்று விழுந்தது. எரிந்த தாளின் வாசத்தோடு தோல் சூடேறிய வாசமும் கலந்து வந்தது. மேய்ப்பர்கள் வயலில் கண்விழிக்கும் காட்சிக்கு இந்த ஓசைதான், இதைத் தவிர வேறெதுவும் இல்லை என்று அப்போது முடிவு செய்தேன். அந்த முடிவு பிழை என்று இன்றைக்கும் என்னால் மனதாரச் சொல்ல முடியவில்லை.

தாய் வந்தது அதற்கு மூன்றாம் நாள். நான் மேலே எழுதிய கேள்விக்கு முன்னால் அவர் வேறு சிலவும் சொன்னார். அவற்றை முதலில் எழுதாமல் விட்டதும் ஒருவேளை என் சாதகத்துக்காகத்தான் இருக்கும். "அப்பா அத அடிச்சு வாங்குன சோத்துலதான் நான் வளந்தேன். வாசப்படிக்குக் கீழ நின்னு வாங்குன சோறுங்க. சர்ச்சுக்குள்ளயாவது அது இல்லாம இருக்கும்னுதான் நாங்க வந்தோம்." நான் 150ஆம் சங்கீதத்தைச் சொன்னேன். கொட்டும் குழலும் கைத்தாளமும் எல்லாமே கர்த்தரைத் துதிக்க வேண்டும் என்றுதானே அதில் இருக்கிறது, ஒரு கருவிக்கு என்ன தீட்டு என்றேன். தீட்டு என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை. அதை முதலில் எடுத்தவன் நான்தான். அதற்குப் பிறகுதான் கீபோட் கேள்வி வந்தது.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவனுக்குத்தான் வரும் என்றபோது நான் வரத்தைத்தான் நினைத்தேன். யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் பெசலெயேல் என்ற கைவினைஞனைத் தேவ ஆவியால் நிரப்பினேன் என்று கர்த்தர் சொல்கிறார். அப்படி நிரப்பப்பட்டதாக வேதாகமத்தில் முதலில் வருபவன் தீர்க்கதரிசி அல்ல, ராஜா அல்ல. பொன்னிலும் வெண்கலத்திலும் மரத்திலும் வேலை செய்யத் தெரிந்தவன். ஒவ்வொரு வருடமும் முதலாம் தவணையில் நான் ஆசையோடு எடுக்கும் பாடம் இது. அந்தப் பையனுடைய விரலிலும் அதே ஆவியின் வேலையைத்தான் கண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒருநாள் அதே பகுதியை ஆயத்தம் செய்தபோது, பெசலெயேலின் பெயரோடு தகப்பன் பெயரும் பாட்டன் பெயரும் யூதா கோத்திரமும் எழுதியிருப்பது கண்ணில் பட்டது. அங்கே அது அவனுக்குக் கௌரவம். இங்கே பாட்டனைச் சொன்னால் வேறொன்றாகிவிடுகிறது. இன்னும் நான்கு அதிகாரம் தள்ளி, உள்ளத்தில் ஏவப்பட்டவர்கள் தாங்களாக வந்து அந்தக் கூடாரத்து வேலைக்குக் கொடுத்தார்கள் என்று இருக்கிறது. நான் பையனிடம், "உனக்கு விருப்பமா?" என்று கேட்டேனா? "நீதான் அடிக்கிறாய்" என்றேன். "சரி சேர்" என்றான். எங்கள் பிள்ளைகள் எதற்குத்தான் "சரி சேர்" சொல்வதில்லை?

அவன் ஆசையாகத்தான் அடித்தான், அந்த முகத்தை நான் பார்த்தேன் என்றும் உள்ளே ஒரு குரல் சொல்கிறது. கிழவரும் சந்தோஷமாகத்தான் கொடுத்தனுப்பினார். இருவருக்கு இல்லாத கூச்சம் ஒருவருக்கு இருந்ததற்காக நான் ஏன் இவ்வளவு குன்றிப்போக வேண்டும்? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருப்பதாக நினைக்கும் நாட்களில் நன்றாகத் தூங்குகிறேன்.

அன்றிரவு எனக்கொரு மறுமொழி தோன்றி, அதை அந்தத் தாயிடம் சொல்லாமல் விட்டோமே என்று வருந்தவும் செய்தேன். சிலுவையும் அவமானச் சின்னம்தானே, அடிமைகளையும் கலகக்காரரையும் கொல்லும் மரம்தானே, அதைத்தானே இன்று பீடத்தில் வைத்துப் பூச்சாத்துகிறோம். தப்பும் அப்படி மாறாதா? கேட்க அழகான வாதம். ஆனால் கலை வரலாறு படித்தவனுக்கு அதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். முதல் சில நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் நல்ல மேய்ப்பனை வரைந்தார்கள், மீனை வரைந்தார்கள், யோனாவை வரைந்தார்கள்; சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவை அவர்கள் வரைந்தது மிக அரிது. எஞ்சியிருக்கும் மிகப் பழைய சிலுவைக் காட்சிகளில் ஒன்று ரோமாபுரியின் சாந்தா சபினா ஆலயத்து மரக்கதவில் 5ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டது. அதற்கு முன்பே, 4ஆம் நூற்றாண்டில், சிலுவைத் தண்டனை வழக்கொழிந்துவிட்டது. தெருவோரத்தில் மனிதன் தொங்கியதைக் கண்ணால் கண்ட தலைமுறை மறைந்த பிறகே அதைச் செதுக்கக் கை துணிந்தது. அந்தத் தாயோ வாசப்படிக்குக் கீழே நின்றதைக் கண்ணால் கண்டவர். அவரிடம் போய்ச் சிலுவையைப் பற்றிப் பேச இருந்தேன்.

வாசப்படிக்கு மேலே நின்றவர்களையும் சொல்லியாக வேண்டும். என் தகப்பனார் தோட்டத்தில் தொழிலாளரை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை. தீபாவளிக்குத் தப்புக்காரர்கள் எங்கள் குவாட்டர்ஸ் படிக்குக் கீழே வந்து நின்று அடிப்பார்கள்; அம்மா சுளகில் அரிசியும் காசும் வைத்துக் கொடுத்தனுப்புவார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். உடம்பு சிலிர்க்கும். தப்பின் அழகை நான் கற்றுக்கொண்டது அந்த ஜன்னலில்தான். "நம்முடைய இசை" என்று ஒளிவிழாக் கூட்டத்தில் நான் பேசியபோது அந்த "நம்" எங்கே நின்றுகொண்டு சொன்னது என்று யாரும் கேட்கவில்லை.

இதில் எனக்கு முன்னோடிகள் உண்டு என்பது ஆறுதலா, இல்லையா என்று தெரியவில்லை. தமிழ் அழகைத் திருச்சபைக்குள் கொண்டுவந்தவர் என்று நான் வகுப்பில் மெச்சிப் பேசும் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், பெத்தலகேம் குறவஞ்சியும் எண்ணற்ற கீர்த்தனைகளும் தந்தவர். 1820களின் இறுதியில், ஆலயத்துக்குள் சாதி வேறுபாட்டை நீக்க முயன்ற மிஷனரிமாரை எதிர்த்து எழுதியவரும் அவரே. ராகமும் சந்தமும் உள்ளே வந்தன. கூடவே வந்த மற்றதை அவர் தடுக்கவில்லை. நான் பாடம் எடுக்கும்போது முதல் பாதியை மட்டும்தான் சொல்லிவந்தேன். மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்ததும் எனக்குத் தெரியும். அதை என் செயலுக்கு ஆதாரமாகக் காட்டவும் தயாராக இருந்தேன். அங்கே பறை ஒடுக்கப்பட்டோரின் விடுதலைக் குரலாக முழங்கியது. இங்கே, ஒரு கணக்கப்பிள்ளை மகன் பட்டியல் போட்டு, பெயருக்கு நேரே கருவியை எழுதினான்.

ஒளிவிழா நன்றாக நடந்தது. டீமேக்கர் மகன் கீபோட்டில் ஏற்கெனவே பதிந்திருந்த தாளமொன்றைத் தட்டிவிட்டான். மேய்ப்பர்கள் அதற்கு ஆடினார்கள். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்தவர் மிகவும் பாராட்டினார். பையன் பாடகர் குழுவின் பின்வரிசையில் நின்று மற்றவர்களோடு பாடினான். அவனுக்குக் குரல் சுமார்தான். தப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கிழவர் வாங்கவில்லை. "அங்கயே இருக்கட்டுங்க சேர், இங்க வச்சா மவ சண்ட புடிப்பா" என்றார். சித்திர அறை அலுமாரிக்கு மேலே அது இருக்கிறது. மழை மாதங்களில் தோல் தொய்ந்து, தட்டினால் அட்டைப் பெட்டியைத் தட்டினாற்போலக் கேட்கிறது.

போன கிழமை இந்த வருட ஒளிவிழாவுக்குப் பெயர் எடுத்தேன். இம்முறை கருவியைச் சொல்லி, பழக விருப்பமானவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். தப்புக்குப் பதினான்கு கைகள் உயர்ந்தன. டீமேக்கர் மகனுடையதும் அதில் ஒன்று. இப்போது தரம் 10இல் இருக்கும் அந்தப் பையன் ஜன்னலோரமாக உட்கார்ந்து, கணிதக் கொப்பியில் கோடு போட்டுக்கொண்டிருந்தான்; தலை நிமிரவில்லை. பதினான்கு பெயரையும் எழுதிவிட்டேன். பயிற்றுநர் என்ற கட்டம் வெறுமையாகவே இருக்கிறது. வெள்ளிக்கிழமை பட்டியலை அதிபரிடம் கொடுக்க வேண்டும்.