கைக்கடிகாரத்தை மேக்ரோவில் எடுப்பது: இதுவரை செய்து பார்த்தவை

சோதனைக்கு எடுத்துக்கொண்டது 40 மி.மீ. விட்டமுள்ள ஓர் ஆட்டோமேடிக் கடிகாரம். நீல சன்பர்ஸ்ட் டயல் (நடுவிலிருந்து கதிர்கள் விரிவது போன்ற பரப்பு), லேசாக மேடிட்ட மினரல் கண்ணாடி, மேல்பக்கம் பிரஷ் செய்த ஸ்டீல், விளிம்புகளில் பாலிஷ் போட்ட சரிவு, 3 மணிப் பக்கம் தேதி ஜன்னல். படமெடுப்பவரைப் படுத்துகிற அத்தனையும் இந்த ஒன்றிலேயே இருப்பதால் பழகுவதற்கு இது போதும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா, 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், டிரைபாட், ஒரே ஒரு ஃபிளாஷ். மற்றதெல்லாம் டிரேசிங் பேப்பரும் கறுப்பு அட்டையும்தான்.

முழுக் கடிகாரத்தை எடுக்க 1:1, அதாவது பொருளின் உருவம் சென்சாரில் அதே அளவில் விழுவது, தேவையே இல்லை. சென்சாரின் குட்டைப் பக்கம் 24 மி.மீ.; 40 மி.மீ. கடிகாரம் பாதி அளவில் அங்கே 20 மி.மீ. ஆக விழும், சுற்றிலும் கொஞ்சம் இடமும் இருக்கும். டயல் எழுத்து, தேதி ஜன்னல், முள்ளின் நுனி என்று போகும்போதுதான் 1:1 வேண்டும். அந்த அளவில் 50, 60 மி.மீ. மேக்ரோ லென்ஸ் கடிகாரத்தின் மேலேயே கவிழ்ந்த மாதிரி நெருங்கிவிடும். வெளிச்சம் நுழைய வழியிருக்காது, கண்ணாடியில் லென்ஸின் முகமே தெரியும். 90 முதல் 105 மி.மீ. வரை இருந்தால் கை நுழையவும் அட்டை வைக்கவும் இடம் கிடைக்கிறது.

உண்மையான வேலை வெளிச்சத்தில் இருக்கிறது. பாலிஷ் செய்த ஸ்டீலுக்கென்று தனியாக நிறம் கிடையாது. சுற்றி எது இருக்கிறதோ அதைத்தான் காட்டும். அதனால் கடிகாரத்தின் மேல் வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதைவிட, ஸ்டீலின் ஒவ்வொரு முகமும் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று யோசித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நாலு பக்கமும் வெள்ளையான லைட் டென்ட்டுக்குள் வைத்தால் எல்லா முகமும் வெள்ளையையே பார்க்கும். பளபளப்பு போய், ஸ்டீல் வெள்ளைப் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். கடிகாரத்துக்கு லைட் டென்ட் வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அதற்குப் பதிலாகச் செய்தது இது. A4 டிரேசிங் பேப்பரை வளைத்து, 9 மணிப் பக்கத்திலிருந்து 12 மணிப் பக்கம் வரை சுவர் மாதிரி நிறுத்தி, ஃபிளாஷை அதற்கு வெளியே வைத்தாயிற்று. ஃபிளாஷ் தாளுக்கு 5 செ.மீ. தூரத்தில் இருந்தால் தாளில் பளிச்சென்ற ஒரு வட்டம் தெரிந்து, விளிம்பை நோக்கி வெளிச்சம் மங்கிக்கொண்டே போகும். 30 செ.மீ. தள்ளினால் தாள் முழுக்க ஒரே சீராக ஒளிரும். சரிவான விளிம்புக்கு அந்த மங்கிப்போகிற வெளிச்சம்தான் அழகு; இந்தக் கடிகாரத்துக்கு 10 செ.மீ. சரியாக வந்தது. எதிர்ப்பக்கம் இரண்டு விரல் அகலக் கறுப்பு அட்டைத் துண்டு ஒன்றை, படச் சட்டத்துக்குச் சற்று வெளியே நிறுத்தினால், பாலிஷ் விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். ஸ்டீல் ஸ்டீலாகத் தெரிவது அந்தக் கோட்டால்தான். பிரஷ் செய்த பரப்புக்கு வெளிச்சம் கீறல்களுக்குக் குறுக்காக வர வேண்டும். கீறல்களின் திசையிலேயே வந்தால் பரப்பு மங்கிப்போய் அழுக்குப் படிந்தது போல இருக்கும்.

சன்பர்ஸ்ட் டயலுக்கு இந்த ஏற்பாடு அப்படியே ஒத்துவராது. பரந்த மென்மையான வெளிச்சத்தில் கதிர்கள் காணாமல் போய் வெறும் நீலத் தட்டு மிஞ்சும். ஒரே திசையிலிருந்து வரும் குறுகிய வெளிச்சம் பட்டால்தான் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விரியும் அந்த ஒளி விசிறி எழும். ஆகவே கேமராவை அசைக்காமல் இரண்டு எக்ஸ்போஷர்: ஒன்று டிரேசிங் பேப்பரோடு ஸ்டீலுக்கு, இன்னொன்று தாளை எடுத்துவிட்டு ஃபிளாஷ் 12 மணிப் பக்கத்திலிருந்து தாழ்வாக, டயலுக்கு மட்டும். பிறகு எடிட்டிங்கில் பெசலின் (கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம்) உள்விளிம்பை எல்லையாக வைத்து மாஸ்க் போட்டால் இணைப்பு தெரியாது.

கண்ணாடிப் பிரதிபலிப்புக்கு லென்ஸில் போலரைசர் ஃபில்டர் போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போலரைசர் முழுமையாக வேலை செய்வது, பார்வை செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 56 பாகை சாய்ந்திருக்கும்போது. சஃபையர் கண்ணாடிக்கு 60 பாகை. நேர் மேலிருந்து எடுக்கும்போது அதனால் கிட்டத்தட்டப் பயனில்லை, ஸ்டீலின் பிரதிபலிப்பையும் அது நீக்காது. உதவுவது கறுப்பு அட்டைதான்: 30 செ.மீ. சதுர அட்டையில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு லென்ஸில் மாட்டினால், கண்ணாடி பார்ப்பது கறுப்பை மட்டுமே. கடிகாரத்தை 10 பாகை சாய்த்தால் லென்ஸின் வட்டமும் விலகிவிடும். கறுப்புச் சட்டை போட்டுக்கொள்வதும் நல்லது. மேடான கண்ணாடி அறையின் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். பூச்சு இல்லாத சஃபையர் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 8 சதவீத ஒளியைத் திருப்புகிறது, மினரல் கண்ணாடி 4 சதவீதம்தான். சஃபையர் கடிகாரத்துக்கு அட்டை வேலையில் இன்னும் கவனம் வேண்டும்.

நேரம் வைப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 10:10 வைப்பது 12 மணிக்குக் கீழே உள்ள பெயர் மறையாமல் இருக்க. அது காலை 10:10 ஆக இருக்க வேண்டும். இரவு 10:10 என்றால் தேதிச் சக்கரம் நகரத் தொடங்கியிருக்கலாம். ஜன்னலில் எண் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும். 0.5 அளவில் கண்ணுக்குப் படாது, 1:1இல் பளிச்சென்று தெரியும். முள்ளை முன்னோக்கியே சுற்றி, தேதி மாறுவதைப் பார்த்துவிட்டு, அதற்குப் பின் வரும் 10:10இல் நிறுத்த வேண்டும். இரவு 9 முதல் அதிகாலை 3 வரை முள் நிற்கும் நிலையில் குயிக்செட்டால் (தேதியை மட்டும் நேரடியாக மாற்றும் வசதி) தேதியை மாற்றக் கூடாது, பல் உடையலாம்.

கிரவுனை (பக்கவாட்டில் உள்ள திருகு) இழுத்தால் நொடி முள் நிற்கும் கடிகாரம் என்றால் வசதி. சீகோ 7எஸ்26 போன்ற மூவ்மென்ட்டில் (உள் இயந்திரம்) நிற்காது. அப்போது கடிகாரத்தை இரண்டு நாள் அசைக்காமல் வைத்து, ஸ்பிரிங் முழுக்கத் தளர்ந்த பிறகு நேரம் வைத்து எடுப்பதே நிம்மதி. கையாளும்போது ஸ்பிரிங்கை முறுக்கும் ரோட்டர் சுற்றினால் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும், மெதுவாக எடுத்து வைக்க வேண்டும். ஒற்றைப் படத்துக்கு இத்தனை பாடு வேண்டாம். ஃபோகஸை நகர்த்தி எடுத்த பல ஃபிரேம்களை ஒன்றாக்கும் ஸ்டாக்கிங்குக்கு முள் நின்றே ஆக வேண்டும். 14 மி.மீ. நீள நிமிட முள்ளின் நுனி ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. நகரும், பாதி அளவில் எடுத்தாலும் அது 120 பிக்சலுக்கு மேல்.

கிரவுனை இழுத்து நிறுத்தினால் பக்கவாட்டில் இடைவெளி தெரியும், திருகிப் பூட்டும் கிரவுன் என்றால் இன்னும் அதிகமாக. கடைசியில் கிரவுனை உள்ளே தள்ளி ஒரு ஃபிரேம் எடுத்து, அந்தப் பகுதியை மட்டும் ஒட்டிக்கொள்ளலாம். தள்ளும்போது கடிகாரம் நகராதபடி அடியில் புளூ டேக் என்ற ஒட்டும் பசை வைத்து அழுத்தியிருக்க வேண்டும்.

தூசிக்கு ரப்பர் புளோயர், மைக்ரோஃபைபர் துணி, பிடிவாதமான துகளுக்கு வாட்ச்மேக்கர்கள் பயன்படுத்தும் ரோடிகோ என்ற ஒட்டும் பசை. டப்பாக் காற்று சில சமயம் திரவத்தைத் துப்பிக் கறை வைத்துவிடும். அக்ரிலிக் கண்ணாடியில் ஆல்கஹால் படவே கூடாது, நுண்விரிசல் விடும். 1:1இல் ஒரு மி.மீ.க்கு 167 பிக்சல் கிடைக்கிறது, 0.05 மி.மீ. நூலிழை 8 பிக்சல் அகலத்தில் வந்து உட்காரும். நைட்ரைல் கையுறையைத் துடைப்பதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

செட்டிங்: ஐஎஸ்ஓ 100, 1/160, எல்லாம் மேனுவல். எஃப் 8இல் பாதி அளவில் கூர்மையான ஆழம் ஒன்றரை மி.மீ. சுமாருக்கு. லக் (ஸ்ட்ராப் மாட்டும் கொம்பு) நுனி பெசலைவிட 8 மி.மீ. தாழ்ந்திருப்பதால், 1 மி.மீ. நகர்வுக்கு ஒன்றாக 9 அல்லது 10 ஃபிரேம். 1:1இல் எஃப் 5.6 வைத்தால் ஆழம் 0.3 மி.மீ. தான், நகர்வு 0.2. ஆழம் கூட்டுவதற்காக எஃப் 16க்குப் போனால், 1:1இல் அது செயலளவில் எஃப் 32. ஒளியின் விளிம்பு விளைவு (டிஃப்ராக்‌ஷன்) மொத்தப் படத்தையும் மழுக்கிவிடும்.

ஸ்டாக்கை எங்கே தொடங்குவது என்பதில்தான் இதுவரை கிடைத்த பெரிய முன்னேற்றம். கண்ணாடியின் மேல்பரப்பிலிருந்து தொடங்கினால் அங்குள்ள ஒவ்வொரு தூசும் கூர்மையாகப் பதிந்து, மென்பொருள் அதையே தேர்ந்தெடுத்து இறுதிப் படத்தில் சேர்த்துவிடும். டயலுக்கான ஸ்டாக்கை நொடி முள்ளின் உச்சியில் தொடங்கி டயல் பரப்பில் முடித்து, பெசலுக்கும் லக்குகளுக்கும் தனி ஸ்டாக் எடுத்தால், துடைத்துத் திருத்தும் வேலை பெருமளவு குறைகிறது. ஃபிரேம்களை இணைக்கும் ஜெரீன் ஸ்டாக்கர் மென்பொருளில் முட்களுக்குப் பிமேக்ஸ் முறை, டயலின் வழவழப்புக்கு டிமேப் முறை. பிமேக்ஸ் முள் விளிம்பை நன்றாகப் பிரித்தாலும் சமமான நிறத்தில் இரைச்சலைக் கூட்டுகிறது.

இன்னும் சரியாகாதது, கண்ணாடி வளையும் ஓரத்தில் நிமிட அடையாளங்கள் இரட்டையாகத் தெரிவது. ஃபோகஸ் நகரும்போது லென்ஸின் உருப்பெருக்கமும் லேசாக மாறுகிறது, அந்த ஓரத்தில் ஒளிவிலகல் வேறு. அடுத்து ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் ரெயிலில் கேமராவையே நகர்த்தி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.