பதினோரு படமும் பதினாலு உருப்படியும்

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா குளிக்கப் போனபோது, டிவியில் ஒரு விமானம் ஓடுபாதையில் ஓட ஆரம்பித்திருந்தது. குளித்து, தலை துவட்டி, திருநீறு பூசி, வேட்டி மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விமானம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இது வேற விமானமா?" என்றார்.

அதே விமானம்தான். ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் என்கிற ஹாலிவுட் கார் படத் தொடரின் ஆறாம் பாகம், 2013-இல் வந்தது, தமிழில் பேசுகிறது. விமானம் மேலே போய்விடக் கூடாது என்று கார்களில் வந்தவர்கள் கம்பிவடத்தை எய்து அதைக் கட்டி இழுக்கிறார்கள். ஒருத்தன் கார் மேல் நிற்கிறான், ஒருத்தி தொங்குகிறாள், உள்ளே நான்கு பேர் அடித்துக்கொள்கிறார்கள். நடுவில் இரண்டு தடவை விளம்பரமும் வந்து போனது. விமானம் மட்டும் ஓடியபடி இருக்கிறது.

எங்கள் வீடு மேற்குத் தாம்பரம். பக்கத்திலேயே விமானப்படைத் தளம் இருப்பதால் ஓடுபாதைகள் பற்றி அப்பாவுக்குச் சொந்தமாகச் சில கருத்துகள் உண்டு. "இவ்வளவு நீளத்துக்கு எவன்டா இடம் குடுப்பான்?" என்றார்.

அக்கா மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். உடனே போனில் கணக்குப் போட்டான். காட்சி ஏறக்குறைய 13 நிமிடம். வேகத்தைக் குறைத்து மணிக்கு 160 கிலோமீட்டர் என்று வைத்தாலே 34 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது.

"அப்ப நம்ம வீட்டு வாசல்ல ஓட ஆரம்பிச்சா செங்கல்பட்டு தாண்டிரும்" என்றார் அத்தான்.

"பரனூர் டோல்கேட்ல நின்னு ஃபாஸ்டேக் காட்டிட்டுல்லா போகணும்" என்றார் அப்பா. அவர் சிரிக்கவில்லை. உண்மையிலேயே அதை ஒரு தடங்கலாகத்தான் பார்த்தார்.

அங்கே ஆரம்பித்ததுதான் அந்தப் பட்டியல். ஆறாம் பாகம் எத்தனையாவது இடம் என்று பேச்சு வந்து, மொத்தத்தையும் வரிசைப்படுத்திவிடுவது என்று முடிவானது. போன மாதத்துக் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அக்கா மகன் ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண் போட்டான். பத்து பாகமும், ஹாப்ஸ், ஷா என்கிற இரண்டு பாத்திரங்களை மட்டும் தனியே பிரித்து 2019-இல் எடுத்த கிளைப்படம் ஒன்றும். அந்தக் கிளைப்படத்துக்குப் பதினோராவது இடம் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அன்று வீட்டில் ஏற்பட்ட கடைசி ஒற்றுமை அதுதான்.

அத்தானும் நானும் ஐந்தாம் பாகத்தின் பக்கம். 2011. ரியோ நகரத் தெருக்களில் இரண்டு கார்கள் ஒரு பெரிய இரும்புப் பெட்டகத்தை அப்படியே பிடுங்கி இழுத்துக்கொண்டு ஓடும் படம். இந்தத் தொடர் தெருப் பந்தயக் கதையாக இருந்தது போதும், இனி கொள்ளைக் கதையாகட்டும் என்று முடிவெடுத்த இடம் அது. டுவைன் ஜான்சன் வந்து சேர்ந்ததும் அதில்தான். "படப்பிடிப்புக்குப் பல பெட்டகம் செஞ்சாங்க. ஒண்ணுக்குள்ள நிஜமாவே ஆள் உட்கார்ந்து ஓட்டுனார்" என்று நான் படித்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன்.

அடுக்களையிலிருந்து அம்மா குரல் வந்தது. "அது சரி. போற வழியில அத்தனை கடையையும் இடிச்சிட்டுப் போறானே, அதுக்கு யார் துட்டு குடுப்பா?"

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் இந்தப் படங்கள் எதையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. தோசை ஊற்றிக்கொண்டு, கீரை ஆய்ந்துகொண்டு, நடுநடுவே எட்டிப் பார்த்தே பதினொன்றையும் முடித்தவள். கார் எதுவும் அவளுக்குக் கணக்கில்லை, ஆட்கள்தான் கணக்கு. கதாநாயகன் வின் டீசல் அவளுக்கு 'மொட்டைத் தம்பி'. குடும்பம் குடும்பம் என்று வாய் ஓயாமல் சொல்வதாலும், எல்லோரையும் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவதாலும் அந்தத் தம்பி மேல் அவளுக்கு நல்ல அபிப்பிராயம். எட்டாம் பாகம் வரைக்கும்.

நேரே பிரச்சினைக்கு வருகிறேன். மொட்டைத் தம்பியின் கூட்டத்தில் ஹான் என்று ஒருத்தன் உண்டு. எப்போதும் எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பான், சாதுவான பையன். 2006-இல் வந்த மூன்றாம் பாகமான டோக்கியோ டிரிஃப்டில் கார் வெடித்துச் செத்துப்போகிறான். அடுத்து நான்கு, ஐந்து, ஆறில் திரும்ப வருகிறான். ஏனென்றால் மூன்றாவதாக வந்த படத்தின் கதை ஆறுக்குப் பிறகுதான் நடக்கிறதாம். இதை அம்மாவுக்கு விளக்கவே எனக்கு 2013-இல் ஒரு சாயங்காலம் போனது. ஒருவழியாக ஒப்புக்கொண்டாள். ஆறின் கடைசியில், அவனைக் கொன்றது ஷா என்கிற ஜேசன் ஸ்டேதம் என்று காட்டினார்கள். ஏழாம் பாகத்தில் ஹானை முறைப்படி அடக்கமும் செய்தார்கள். கூட்டம் வந்தது, கறுப்புச் சட்டை போட்டார்கள், எல்லாம் சரி.

எட்டாம் பாகத்தில் அந்த ஷா ஒரு கைக்குழந்தையைக் காப்பாற்றிக் கொடுக்கிறான். உடனே மொட்டை மாடிச் சாப்பாட்டில் அவனுக்கும் ஓர் இடம்.

அம்மா அன்றைக்குக் கரண்டியோடு ஹாலுக்கே வந்துவிட்டாள். "கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தவனைக் கொன்னவன். அவனைக் கூப்பிட்டுப் பந்தியில உட்காரவச்சிருக்கான். இதுக்குப் பேரு குடும்பமால?"

உலகம் முழுவதும் ரசிகர்கள் இதே கேள்வியைக் கேட்டுச் சண்டை போட்டார்கள். 2021-இல் ஒன்பதாம் பாகத்தில், ஹான் சாகவே இல்லை என்று சொல்லித் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். ரசிகர்கள் கொண்டாடினார்கள். அம்மா கொண்டாடவில்லை. "அடக்கம் பண்ணியாச்சுல்லா? அப்ப பெட்டிக்குள்ள இருந்தது யாரு?" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

மொட்டைத் தம்பியின் ஜோடி லெட்டியும் இப்படித்தான், நான்கில் செத்தவள் ஆறில் வந்தாள். ஏழில் தன் கல்லறைக் கல்லையே நின்று பார்க்கிறாள். ஆறில் அந்த ஓடுபாதையில் விழுந்து இறந்த ஹானின் காதலி ஜிசெல், 2023-இல் வந்த பத்தாம் பாகத்தின் கடைசியில் எழுந்து வந்துவிட்டாள். ஆக, செத்தவர் திரும்பி வந்தால் ஆளுக்கு ஒரு மதிப்பெண் கழிவு என்று அம்மா ஒரு விதி போட்டாள். அக்கா மகன் அதை அப்படியே அமல்படுத்தினான். எட்டாம் பாகம் பத்தாவது இடத்துக்கு இறங்கியது. அதில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு கார்களைத் துரத்துமே என்று அத்தான் மன்றாடிப் பார்த்தார். "பந்தி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

ஒன்பதாம் பாகத்துக்கு அப்பாதான் எதிரி. கார் மேல் ராக்கெட்டைக் கட்டி இரண்டு பேர் விண்வெளிக்கே போய்விடுவார்கள். "2001-இல டிவிடி பிளேயர் திருடிட்டு இருந்த கூட்டம்" என்றார். அது உண்மை. முதல் பாகத்தின் கதையே, கறுப்பு ஹோண்டா சிவிக்குகளில் வந்து ஓடும் லாரியிலிருந்து மின்னணுச் சாமான் களவாடுவதும், அவர்களைப் பிடிக்கப் போலீஸ்காரன் ஒருத்தன் வேஷம் போட்டுச் சேர்வதும்தான். இருபதே வருஷத்தில் விண்வெளி. எங்கள் தெருவில் இத்தனை வேகமாக முன்னுக்கு வந்த குடும்பம் எதுவும் இல்லை. அந்த முதல் பாகத்துக்கு மூன்றாம் இடம். கார் காராகவே இருந்ததற்காக அப்பா கொடுத்த மரியாதை.

இரண்டாம் பாகத்தையும் நான்காம் பாகத்தையும் எங்கே வைத்தோம் என்று எனக்கே இப்போது நினைவில்லை. நடுவில் எங்கோ இருக்கும்.

மிச்சம் இருந்தது ஏழு. 2015. நிஜமாகவே விமானத்திலிருந்து கார்களைப் பாராசூட் கட்டித் தள்ளிப் படம் எடுத்தார்கள், அபுதாபியில் ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்குக் கார் தாவும் என்றெல்லாம் அக்கா மகன் அடுக்கிக்கொண்டிருந்தான். ஐந்துக்கு ஒன்று, ஏழுக்கு இரண்டு என்று எழுதியும் விட்டான். அம்மா கை துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"கடைசியில ரெண்டு காரும் ரெண்டு ரோட்டுல பிரிஞ்சு போகுமே, அதுதானே?"

அதேதான். முதல் பாகத்தில் வேஷம் போட்டுச் சேர்ந்த அந்தப் போலீஸ்காரனாக நடித்த பால் வாக்கர் 2013 நவம்பரில் கார் விபத்தில் இறந்துபோனபோது படம் பாதியில் இருந்தது. அவருடைய தம்பிகள் இரண்டு பேரை நிற்கவைத்து, கணினியில் முகத்தைப் பொருத்தி முடித்தார்கள். கதையில் அவரைச் சாகடிக்கவில்லை. பெண்டாட்டி பிள்ளையோடு எங்கேயோ நிம்மதியாக இருக்கிறார் என்று விட்டுவிட்டார்கள்.

"செத்துட்டான்னு காட்டுனவன் எல்லாம் எந்திரிச்சு வாரான். நெசமா செத்த பையனைத்தான் உசுரோட வச்சிருக்காங்க" என்றாள் அம்மா.

கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் பேசவில்லை. அக்கா மகன் கேட்காமலே ஒன்றை அடித்து ஏழுக்குப் போட்டான். நானும் அத்தானும் ஐந்தை இரண்டாம் இடத்தில் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். ராத்திரிச் சாப்பாடு இன்னும் பாக்கி இருந்தது என்பதும் ஒரு காரணம்.

பட்டியலை ஃபிரிட்ஜில் ஒட்டலாம் என்று வைத்திருந்தோம். சாயங்காலம் தேடினால் காணவில்லை. இஸ்திரிக்குத் துணி கட்டியபோது, கையில் கிடைத்த தாளின் ஓரத்தில் "14 உருப்படி" என்று எழுதி மூட்டைக்குள் வைத்து அனுப்பிவிட்டிருந்தாள் அம்மா.

மறுநாள் சாயங்காலம் இஸ்திரிக்காரர் வந்தார். துணி மூட்டை ஒரு கையில், அந்தத் தாள் மறு கையில். மூட்டையை நீட்டவில்லை, தாளைத்தான் நீட்டினார்.

"சார், டோக்கியோ டிரிஃப்டை இன்னா சார் ஒம்பதாவதா போட்டுக்கீறீங்க?"

மொட்டைத் தம்பி கடைசியில் மட்டும்தான் தலைகாட்டுகிறான், கதாநாயகன் பள்ளிக்கூடம் படிக்கிற பையன் மாதிரியே இல்லை என்ற அம்மாவின் வாதங்களை நான் எடுத்துச் சொன்னேன். அவர் அதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை.

"மத்த படத்துல எல்லாருக்கும் எல்லாமே தெரியும் சார். இதுல ஒருத்தன்தான் கத்துக்குறான். மொத வாட்டி அந்த பார்க்கிங்ல ஓட்டும்போது ஹானோட வண்டிய சொவுத்துல தேய்ச்சு நாசம் பண்ணிடுவான், பாத்தீங்களா? அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கை வரும். தொழில்னா அப்டிதான சார். நானே மொத வருசம் எத்தினி சட்டைய பொசுக்கியிருப்பேன்!"

உள்ளேயிருந்து அம்மா வேகமாக வந்தாள். அவர் கையிலிருந்து மூட்டையை வாங்கித் திண்ணையில் வைத்துப் பிரித்து, ஒவ்வொரு சட்டையாக விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தாள்.