அதுல அவரே இல்லையே சார்

பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவிக்கு ஒரு வானொலி நினைவு நிகழ்ச்சி, அதற்குப் பாட்டுப் பட்டியல் போட உட்கார்ந்தால் சண்டை வரும் என்பது தெரிந்ததுதான். எண்பதுகளில் சந்தையைப் பிடித்த போவியா, கடைசிக் கால போவியா என்று அவருடைய ரசிகர்கள் அவர் உயிரோடு இருந்தபோதே அடித்துக்கொண்டவர்கள். 2016 ஜனவரி 10-இல் அவர் இறந்த பிறகு அது இன்னும் முற்றியது. 1983-இல் வந்த ‘லெட்ஸ் டான்ஸ்’ ஆல்பம் காசுக்குச் செய்தது, கடைசி ஆல்பமான ‘பிளாக்ஸ்டார்’ தனக்காகச் செய்தது என்று யாராவது ஆரம்பித்தால் சொல்வதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன்.

என்னோடு எடிட் பண்ணுகிற தம்பி அதைச் சொல்லவில்லை. பட்டியலில் ‘லெட்ஸ் டான்ஸ்’ ஆல்பத்தின் அதே பெயருள்ள பாட்டு இருந்த வரியை அடித்துவிட்டு, “அதுல அவரே இல்லையே சார்” என்றான்.

“குரல் இருக்குல்லப்பா?”

“குரல் மட்டும்தான் சார் இருக்கு.”

தகவல் என்ற அளவில் அவன் சொன்னதில் பிழை இல்லை. அந்த ஆல்பத்தில் போவி எந்தக் கருவியையும் தொடவில்லை, பாடினார், அவ்வளவுதான். நைல் ராட்ஜர்ஸ் தயாரிப்பு, பாப் கிளியர்மவுண்டன் ஒலிப்பதிவு, டிரம்ஸுக்கு ஓமர் ஹகீமும் டோனி தாம்ப்சனும், பாஸுக்குப் பெரும்பாலும் கார்மைன் ரோஹாஸ். நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில் 1982 டிசம்பரில் சுமார் 17 நாளில் வேலையை முடித்துவிட்டார்கள். எட்டுப் பாட்டில் ‘சைனா கேர்ள்’ அமெரிக்கப் பாடகர் இகி பாப்போடு சேர்ந்து எழுதி 1977-லேயே இகியின் ஆல்பத்தில் வந்தது. ‘கிரிமினல் வேர்ல்ட்’ மெட்ரோ என்ற குழுவின் பாட்டு. ‘கேட் பீப்பிள்’ ஏற்கெனவே இசையமைப்பாளர் ஜியோர்ஜியோ மொரோடரோடு செய்ததன் மறுபதிவு. எண்ணிப் பார்த்தால் புதிதாக எழுதியது ஐந்து. தம்பி இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் பேசினான்.

அன்றைக்கு நான் சொன்ன பதில் சப்பையானது. அதற்கப்புறம் மனசுக்குள் எத்தனையோ பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றையும் சொல்லி முடிக்கும்போது அவன் பக்கமும் கொஞ்சம் நியாயம் ஏறிவிடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பதில் பணம் பற்றியது. அந்த ஆல்பத்தைக் கம்பெனி கேட்டு வாங்கியது என்று பலரும் நினைக்கிறார்கள். பதிவு நடந்தபோது பழைய கம்பெனியான ஆர்.சி.ஏ.வோடு இருந்த உறவு முடிந்துபோயிருந்தது. புதுக் கம்பெனியான இ.எம்.ஐ.யோடு ஒப்பந்தம் கையெழுத்தானது 1983 ஜனவரியில், பதிவு முடிந்த பிறகு. ஆக, ஹிட் வேண்டும் என்று ராட்ஜர்ஸிடம் போய்க் கேட்டது போவியேதான். விற்கிற பாட்டு வேண்டும் என்று ஒருவர் தானாக முடிவெடுத்தால் அந்த முடிவில் அவர் இல்லை என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது, ஆள் பிடிப்பது. 1982-இல் மான்ட்ரோ ஜாஸ் விழாவில் ஸ்டீவி ரே வான் என்ற டெக்சாஸ்காரர் ப்ளூஸ் வாசித்தார். கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டு எதிர்த்தது. அதைக் கேட்ட போவி, இன்னும் ஒரு ஆல்பம்கூட வெளிவராத அந்த ஆளை டிஸ்கோ தயாரிப்பாளரான ராட்ஜர்ஸின் ரிதம் குழுவுக்கு மேலே உட்கார வைத்தார். வானின் முதல் ஆல்பம் 1983 ஜூனில் வந்தது, ‘லெட்ஸ் டான்ஸ்’ ஏப்ரலிலேயே வந்துவிட்டது. நடனப் பாட்டின் கடைசியில் ப்ளூஸ் மேதை ஆல்பர்ட் கிங் வழி வந்த ப்ளூஸ் கிட்டார் அழும் என்று யார் கணக்குப் போட்டிருப்பார்கள்?

இதையே 2014-க்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். ஜாஸ் இசையமைப்பாளர் மரியா ஷ்னைடர் சொல்லி, நியூயார்க்கின் 55 பார் என்ற சின்ன இடத்தில் டானி மெக்காஸ்லினின் ஜாஸ் குழுவைப் போவி போய்க் கேட்கிறார். அடுத்த ஆண்டு ஜனவரியில் மேஜிக் ஷாப் ஸ்டூடியோவுக்கு அந்தக் குழுவை அழைக்கிறார்: சாக்ஸபோனுக்கு மெக்காஸ்லின், கீபோர்டுக்கு ஜேசன் லிண்ட்னர், பாஸுக்கு டிம் லஃபெவ்ர், டிரம்ஸுக்கு மார்க் ஜூலியானா. கிட்டாருக்கு பென் மாண்டர் சேர்ந்துகொள்கிறார். ‘பிளாக்ஸ்டார்’ அப்படித்தான் உருவானது. போய்க் கேள், பிடித்திருந்தால் கூப்பிடு, அவர்களுக்குத் தெரிந்ததை அவர்களையே வாசிக்க விடு. 33 வருஷ இடைவெளியில் அதே வழக்கம்.

இதை அவனிடம் சொன்னபோது உடனே பிடித்துக்கொண்டான். “ஒரே மாதிரி இல்ல சார். வானைத் தனியா கூட்டிட்டு வந்து ஏற்கெனவே செஞ்ச பாட்டு மேல வாசிக்கச் சொன்னாங்க. மெக்காஸ்லின் குழு மொத்தமா வந்து அவரோட ஒரே அறையில நின்னு வாசிச்சாங்க.” சரிதான். ஆனால் இது வேலை செய்த முறையில் உள்ள வேறுபாடு. ஆள் இருந்தாரா இல்லையா என்பதற்கு இது சாட்சி ஆகுமா?

கருவியை வாசித்தால்தான் இருப்பது என்றால் ‘நெவர் லெட் மீ டவுன்’ தான் அவர் நிறைந்திருக்கும் ஆல்பமாக இருக்க வேண்டும். 1987-இல் வந்த அதில் கிட்டார், கீபோர்டு, மெல்லட்ரான், ஹார்மோனிகா என்று தானே இறங்கி வாசித்திருக்கிறார். போவி ரசிகர்களில் அந்த ஆல்பத்துக்காக வாதாட வருகிறவர்கள் குறைவு. ‘டூ டிஸி’ என்ற பாட்டை 1995 மறுவெளியீட்டிலிருந்து எடுத்தே விட்டார்கள். ‘அவரே இல்லை’ என்ற புகார் கச்சிதமாகப் பொருந்துவது 1984-இல் வந்த ‘டுநைட்’டுக்கு. ஒன்பது பாட்டில் அவர் தனியாக எழுதியவை இரண்டே: ‘லவிங் தி ஏலியன்’, ‘ப்ளூ ஜீன்’. மிச்சம் இகி பாப்போடு எழுதியதும் மற்றவர்கள் பாடியதும். எண்பதுகள் என்று மூன்று ஆல்பத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் இந்தச் சண்டை பாதி கெட்டுப்போகிறது. முதலாவது நினைத்ததைச் சாதித்தது, இரண்டாவது அவசரம், மூன்றாவது நிறைய உழைத்தும் மேலே மேலே அடுக்கி மூச்சுமுட்டிப் போனது.

இங்கே தம்பி என்னை மடக்கினான். ‘நெவர் லெட் மீ டவுன்’ ஆல்பத்துக்கு 2018-இல் ஒரு மறுபதிப்பு செய்தார்கள். மரியோ மக்நல்ட்டி தயாரிப்பில், போவியின் குரலையும் பழைய பதிவின் சில துண்டுகளையும் வைத்துக்கொண்டு மற்றதைப் புதிதாக வாசித்தார்கள். டிரம்ஸ் ஸ்டெர்லிங் கேம்பல், பாஸ் ‘பிளாக்ஸ்டா’ரில் வாசித்த அதே லஃபெவ்ர், கிட்டாரில் ரீவ்ஸ் கேப்ரல்ஸும் டேவிட் டோர்னும், தந்தி வாத்திய அமைப்பு நிக்கோ ம்யூலி. அதிலிருந்து ஒரு பாட்டு வேண்டும் என்றான்.

“அதுலயும் குரல் மட்டும்தான்ப்பா இருக்கு. அதுவும் ஆள் செத்ததுக்கு அப்புறம்.”

“அது அவர் ஆசைப்பட்டது சார்.”

உண்மை. 2008-இல் ‘டைம் வில் க்ரால்’ ஒன்றை மட்டும் மக்நல்ட்டியை வைத்துப் புது டிரம்ஸும் தந்தி வாத்தியங்களும் சேர்த்து மாற்றிக்கொண்டார். மிச்சத்தையும் இப்படிச் செய்ய முடிந்தால் என்று அப்போதே எழுதினார். அந்தப் பாட்டு இடம்பெற்ற தொகுப்பு ஒரு பிரிட்டிஷ் ஞாயிறு பத்திரிகையோடு இலவச சி.டி.யாக வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் இவருடைய கலைக்கு ஒரு விற்பனைக் கதை ஒட்டிக்கொண்டு வரும்.

ஆசைப்பட்டதுதான் அளவுகோல் என்றால் 1983 எனக்குத்தான் சாதகம். ‘லெட்ஸ் டான்ஸ்’ அளவுக்கு அவர் ஆசைப்பட்டுத் திட்டமிட்ட ஆல்பம் வேறு எது? இதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பேன் என்றும் தோன்றவில்லை. ஏனென்றால் பின்னாளில் போவியே, அந்த வெற்றி கொண்டுவந்த கூட்டத்துக்காகப் பாட ஆரம்பித்துத் தடம் மாறினேன் என்ற பொருளில் பேசியிருக்கிறார். ஆசை அவருடையது, வருத்தமும் அவருடையது.

வேலைப் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சண்டையில் ஒரு பங்கு வால்யூம் சண்டை. 1983 பதிவையும் 2013-இல் வந்த ‘தி நெக்ஸ்ட் டே’யையும் அடுத்தடுத்துப் போட்டால் பழையது சோகையாகக் கேட்கும். பவர் ஸ்டேஷன் ஸ்னேர் டிரம்மின் அடி சராசரி ஒலியை விட மிக உயரமாக எழும்பும். அந்த முகட்டை வைத்துச் சமன்செய்தால் பாட்டின் உடல் முழுவதும் கீழே தங்கிவிடும். ‘தி நெக்ஸ்ட் டே’யில் முகடுகளை நெருக்கி நசுக்கியிருப்பதால் எல்லாமே முன்னால் வந்து நிற்கும். கேட்பவர்கள் சத்தமானதை நல்லது என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் முகட்டைப் பார்க்காமல் மொத்த ஒலியளவைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒலிபரப்பு நியமம் மைனஸ் 23 எல்.யு.எஃப்.எஸ். (மொத்த ஒலியளவை அளக்கும் அலகு), முகட்டுக்கு உச்சவரம்பு மைனஸ் 1 டெசிபல். இரண்டையும் அந்த அளவுக்கு இறக்கினால் நிலைமை தலைகீழ். நசுக்கிய பாட்டு தட்டையாகிவிடும், 1983-இன் ஸ்னேர் முகத்தில் அறையும்.

‘பிளாக்ஸ்டார்’ ஆல்பத்தின் அதே பெயருள்ள முதல் பாட்டில் வேறு தொல்லை. 9 நிமிடம் 57 விநாடி. நடுவில் தாளம் கரைந்து வேறொரு பாட்டு தொடங்குவது மாதிரி மாறும், பிறகு பழைய மெட்டு வேறு உடையில் திரும்பி வரும். ஒலியளவு மீட்டர் முழு நீளத்துக்கும் சேர்த்து ஒரே எண்ணைக் காட்டும். அதை நம்பி விட்டால் நடுப்பகுதி அறிவிப்பாளரின் குரலை விட மெலிந்துவிடும். மூன்று விநாடி சராசரியைக் காட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே, நடுப்பகுதியை மட்டும் ஒன்றரை டெசிபல் தூக்கினால் போதும். அதற்கு மேல் தூக்கினால் தந்தி வாத்தியங்களுக்குப் பின்னால் இருக்கிற காற்று போய்விடும். உள்ளே எங்கேயும் கத்திரி வைக்க இடமில்லை. வைத்தால் இரண்டு அரைப்பாட்டு கிடைக்கும்.

‘லெட்ஸ் டான்ஸ்’ அப்படியில்லை, வெட்டுவதற்கு வசதியான பாட்டு. ஆல்பத்தில் 7 நிமிடம் 38 விநாடி, தனிப்பாட்டாக வெளியிட்ட சிங்கிளில் 4 நிமிடம் 7. இரண்டும் கைவசம் இருந்தன. பேச்சும் செய்தியும் போக இடம் இறுக்கமாக இருந்தது. தம்பி அடித்த வரியை நான் திரும்ப எழுதினேன், ஆனால் பக்கத்தில் 4:07 என்று போட்டேன். ‘பிளாக்ஸ்டா’ருக்கு முழு 9:57.

நியாயம் இருந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது அந்தச் சிங்கிள்தான், உலகம் கேட்டது அந்த நீளத்தில்தான். ஆனால் சிங்கிளில் பறிபோவது எது? இடையில் பித்தளை வாத்தியங்களும் தாளமும் தனியாக விளையாடுகிற பகுதி, கடைசியில் வானின் கிட்டார் நிதானமாக நடந்து போகிற நீட்டம். அதாவது, இதிலும் அவர் இருக்கிறார் என்று நான் வாதாடியபோது எதையெல்லாம் சாட்சிக்குக் கூப்பிட்டேனோ அதையெல்லாம். மிச்சம் மனசைப் பிடிக்கிற கொக்கி வரியும் குரலும். தம்பி என்ன சொன்னானோ அதையே என் கையால் ஒலியாக்கிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று. ‘பிளாக்ஸ்டார்’ பாட்டு முதலில் 11 நிமிடத்துக்கும் மேல் இருந்தது. பத்து நிமிடத்தைத் தாண்டினால் ஐட்யூன்ஸ் கடையில் தனிப்பாட்டாக விற்க முடியாது என்று தெரிந்து, போவியும் தயாரிப்பாளர் டோனி விஸ்கோன்டியும் அதை 9:57-க்குக் குறைத்தார்கள். நான் தொடக்கூடாது என்று காப்பாற்றிய நீளமும் கடைக்காரனின் அளவுதான். அந்த ஆல்பம் அமெரிக்க ஆல்பப் பட்டியலில் முதலிடம் போனது. அங்கே அவருக்கு அது முதல் முறை, ‘லெட்ஸ் டான்ஸ்’ ஆல்பம் நான்காம் இடத்தோடு நின்றிருந்தது. இரண்டையும் தம்பியிடம் சொன்னேன். “அது சாவு வித்த கணக்கு சார்” என்றான். வெளியாகி இரண்டு நாளில் ஆள் போனதைச் சொன்னான். கொஞ்சம் கொடூரமான பேச்சு, முழுக்கத் தப்பு என்று தள்ளவும் முடியவில்லை.

மறு ஒலிபரப்புக்கு நிரலை மாற்றலாம் என்று அனுமதி இருக்கிறது. 7:38-ஐப் போட 3 நிமிடம் 31 விநாடி வேண்டும். 2018 மறுபதிப்பிலிருந்து சேர்த்த பாட்டை எடுத்தால் தாராளமாக இடம் கிடைக்கும், ஆனால் தம்பியின் தேர்வாகப் பட்டியலில் நிற்பது அது ஒன்றுதான். ‘பிளாக்ஸ்டார்’ ஆல்பத்தின் ‘லாசரஸ்’ மேல் யாரும் கை வைக்கப்போவதில்லை. மீதி ‘ப்ளூ ஜீன்’, 3 நிமிடம் 11. அதைத் தூக்கினால் 20 விநாடி குறையும், அறிமுகப் பேச்சில் ஒரு வாக்கியத்தை வெட்டினால் சரியாகிவிடும். ஆனால் ‘டுநைட்’ ஆல்பத்தில் அவர் தனியாக எழுதிய இரண்டில் அது ஒன்று. அவர் இல்லை என்று சொல்லப்பட்ட பாட்டை நீட்டுவதற்காக அவர் மட்டுமே எழுதிய பாட்டை எடுக்க வேண்டும். நிரல் தாள் இன்னும் தம்பியின் மேசையில் இருக்கிறது, ‘ப்ளூ ஜீன்’ பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறான்.