பொருந்தாமல் போன பதினாறு இலக்கங்கள்

மூன்று மாதமாக ஒரு பழைய மடிக்கணினியை ஜிம்ப்ஸ் தேடலுக்கென்றே ஒதுக்கிவிட்டேன். 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய கூட்டுமுயற்சி அது. 2இன் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் வரும் மெர்சென் எண்களில் பகா எண்ணைத் தேடுகிறார்கள். சேவையகம் ஓர் அடுக்கெண்ணைத் தரும்; அது நம் கையில் இருக்கும்வரை அந்த வேலை வேறொருவருக்குப் போகாது.

புதிய பகா எண் கிடைக்கும் வாய்ப்பு முதல் சோதனைகளில்தான் அதிகம். நான், வேறொருவர் ஏற்கெனவே சோதித்த எண்ணைத் திரும்பச் சோதிக்கும் மறுசோதனையைக் கேட்டு வாங்கினேன். என் கணினி நம்பத்தக்கதா என்பதை முதலில் அறிய விரும்பினேன்.

மெர்சென் எண் பகா எண்ணா என்று அறிய உதவும் லூக்காஸ்–லேமர் சோதனையில் 4இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து, 2ஐக் கழித்து, மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கிடைத்த அடுக்கு 6 கோடிக்குச் சற்று மேல். ஏறத்தாழ அத்தனை முறை இதையே செய்ய வேண்டும். ஆறு நாள் ஓடியது. இறுதியில் பூச்சியம் வந்தால் பகா எண். வராவிட்டால் மீதியின் கடைசி 64 பிட்டுகள் (0, 1 என்னும் இரும இலக்கங்கள்), பதினாறடிமான முறையில் 16 இலக்கங்களாகப் பதிவாகும். இரண்டு பேரின் இலக்கங்கள் ஒத்தால்தான் அந்த எண்ணின் கணக்கு முடியும். அதுவரை கடைசி இரண்டு இலக்கங்களை மறைத்தே காட்டுகிறார்கள். பார்த்து எழுத வழியில்லை.

என்னை மிகவும் ஈர்த்தது வேறொன்று. இந்தக் கணக்கில் 2ஆல் பெருக்குவது பிட்டுகளை வட்டமாகச் சுழற்றுவதுதான். ஆகவே மறுசோதனை, தொடக்க எண்ணையே வேறொரு அளவு சுழற்றிவிட்டுத் தொடங்குகிறது. வழியெங்கும் வேறு எண்கள், கடைசியில் அதே விடை. நிரலில் பிழை இருந்தாலும் இருவரும் ஒரே தவறான விடைக்கு வந்து சேர்வது மிக அரிது. எவ்வளவு அழகான யோசனை!

முதல் இரண்டு விடைகள் பொருந்தின. மூன்றாவது பொருந்தவில்லை. தவறு முதலில் சோதித்தவருடையது என்றே நினைத்தேன். அந்த எண் மூன்றாவது ஒருவருக்குப் போனது. அவர் விடை முதலாமவருடையதோடு ஒத்தது. அன்றிரவே நினைவகச் சோதனையை ஓடவிட்டேன். விடிவதற்குள் ஒரு நினைவகப் பலகையில் நான்கு பிழைகள். அதைக் கழற்றிவிட்டு அதே அடுக்கை மறுபடி ஓட்டினேன். இம்முறை 16 இலக்கங்களும் பொருந்தின. யாருக்கும் தேவைப்படாத ஆறு நாள் வேலைதான். எனக்கு மிகவும் தேவைப்பட்டது.

இப்போது முதல் சோதனைக்கு மாறியிருக்கிறேன். 2020இலிருந்து இதில் சோதிக்கும் முறை வேறு. ராபர்ட் கெர்பிச் கண்ட பிழைச் சோதனை ஓடும்போதே தவறைப் பிடித்துப் பின்வாங்கி, அங்கிருந்து மீண்டும் கணக்கிடும். கூடவே, முழுக் கணக்கையும் மறுபடி செய்யாமலே விடையைச் சரிபார்க்க உதவும் ஒரு சான்றுக் கோப்பும் உருவாகும். 11 கோடி அளவுள்ள அடுக்குக்கு 256 இடைமதிப்புகளைச் சேமிக்க ஏறத்தாழ 3.5 ஜிபி இடம் வேண்டும். ஆனால் சரிபார்ப்பவர் செய்ய வேண்டிய வர்க்கங்கள் 4.3 லட்சம்தான், என் கணினிக்கே இரண்டு மணி நேரம் போதும். முழுச் சோதனைக்கோ மூன்று வாரம்.

இன்று காலை 38 சதவீதம் முடிந்திருந்தது. பிழை எண்ணிக்கை பூச்சியம்.