மீன் செதிலும் ஆன்டிஆக்சிடன்ட் பவுடரும்

"மீன் பெப்டைடு, வயசே தெரியாதுங்க" என்று திருப்பூரில் தெரிந்தவர் ஒருவர் ஒரு டப்பாவை நீட்டினார். விலையைப் பார்த்தால் பவானிசாகர் போய் வீடே சேர்ந்து மீன் வறுவல் தின்றுவிட்டு வரலாம். ஆனால் விஷயம் முழுக்கப் புருடா இல்லை, அதுதான் சிக்கல்.

உக்கடம் மார்க்கெட்டில் மீன் வெட்டும்போது தோல், செதில், தலை, முள் என்று எவ்வளவு ஒதுங்குகிறது பாருங்கள், அதிலெல்லாம் நல்ல புரதம் இருக்கிறது. நொதி சேர்த்து அந்தப் புரதத்தை நறுக்கினால் பெரும்பாலும் 2 முதல் 20 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுகள் கிடைக்கும், அவைதான் இந்தப் பெப்டைடுகள். கறி வேகப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அதிலுள்ள பப்பைன் இதற்கும் ஆகும்.

முழுப் புரதம் சுருண்டு கிடக்கையில் உள்ளே மறைந்திருக்கும் சில அமினோ அமிலங்கள் வெட்டியதும் வெளியே வருகின்றன. டைரோசின் ஹைட்ரஜனைக் கொடுத்து, செல்லையும் கொழுப்பையும் கெடுக்கும் துடுக்கான மூலக்கூறான ஃப்ரீ ராடிக்கலை அடக்கும், ஹிஸ்டிடின் அதைக் கிளப்பிவிடும் இரும்பு, தாமிர அயனிகளைப் பிடித்துவைக்கும், இந்த வேலைக்குத்தான் ஆன்டிஆக்சிடன்ட் என்று பெயர். தண்ணீரோடு ஒட்டாத அமினோ அமிலங்கள் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து வேலை செய்யும். ஆனால் கசப்புக்கும் அவைதான் காரணம், அதனால்தான் டப்பாவில் சாக்லேட் வாசனை எல்லாம் போடுகிறார்கள் என்று எனக்கொரு சந்தேகம். நறுக்குவதிலும் அளவு உண்டு, ரொம்ப நறுக்கினால் இந்த ஆன்டிஆக்சிடன்ட் திறனே குறைந்துபோகலாம்.

இதைச் சோதிக்க டிபிபிஎச் என்ற ஃப்ரீ ராடிக்கலின் ஊதா நிறக் கரைசலில் பெப்டைடைக் கலந்து, நிறம் மஞ்சளாக மாறுவதை 517 நானோமீட்டர் ஒளியில் அளப்பார்கள். மாறுவது நிஜம்தான். ஆனால் நம் வயிறு சோதனைக் குழாய் இல்லையே, அங்கேயும் பெப்சின், டிரிப்சின் என்று வெட்டும் நொதிகள் காத்திருக்கின்றன, பெரும்பகுதி தனி அமினோ அமிலமாகவோ இரண்டு மூன்று சேர்ந்த துணுக்காகவோதான் உள்ளே போகும். குழாயில் வந்த மஞ்சளை வைத்து முகச் சுருக்கத்துக்கு உத்தரவாதம் தருவது வியாபாரம், அவ்வளவுதான்.

எனக்கு இதில் பிடித்தது வேறு. அரைத்த மீன், இறைச்சி போன்றவற்றில் கொழுப்பு காற்றுப்பட்டுக் காறல் வாடை அடிக்காமல் தள்ளிப்போட இந்தப் பெப்டைடுகள் உதவும், அங்கே வயிற்றைத் தாண்டும் கவலையே இல்லை. குப்பைக்குப் போகும் தோலும் செதிலும் காசாகும், கொழுப்பு கெடாமலிருக்கப் போடும் பிஎச்ஏ போன்ற செயற்கைச் சரக்கையும் குறைக்கலாம்.

அப்புறம், மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் டப்பாவைத் தொடும்முன் லேபிளைப் படியுங்கள், 'மரைன்' என்று நாசூக்காகப் போட்டிருந்தாலும் உள்ளே பெரும்பாலும் மீன்தான்.