பழனிக்குப் போனோம், பதினோரு ரூபாயோடு

முருகா சரணம்.

இரண்டரை வருஷமாக எங்கள் பூஜை அலமாரியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. உள்ளே ஒரு பத்து ரூபாய்த் தாள், ஒரு ரூபாய்க் காசு. பையன் எட்டாம் மாதத்திலேயே பிறந்து 1.6 கிலோ எடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது அத்தை (என் மாமியார்) முடிந்து வைத்தது. "பழனியாண்டவா, இவன் பொழச்சு வந்தா உன் மலையேறி மொட்டை போட்டு, இதை உன் உண்டியல்லயே சேர்த்தறேன்" என்று சொல்லி முடிந்தாராம். பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தான். முதல் மொட்டை குலதெய்வத்துக்கு என்பதால் அது முன்னால் முடிந்தது. அப்புறம் ரெண்டு வயதில் எடுக்கக் கூடாது, மூணு நடக்கட்டும் என்றார்கள். மூணு நடக்க ஆரம்பித்ததும் மழை வந்தது, என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை, எனக்கு மாதக் கடைசி வேலை. இப்படியே தள்ளிக்கொண்டு போனது.

கடைசியில் அந்த முடிச்சை அவிழ்த்தது பையன்தான்.

எங்கள் வீட்டில் அவன் திறந்து பார்க்காத மூடி கிடையாது. மாவு டப்பா, மிக்ஸி ஜார், டிவி ரிமோட்டின் பேட்டரி மூடி, விருந்தாளிகளின் கைப்பை, எல்லாம் பார்த்தாயிற்று. "இது என்ன?" என்பான். சொன்னால் "உள்ள என்ன?" என்பான். அதையும் சொன்னால் "ஏன்?" அன்றைக்கு நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம் சத்தமே இல்லை. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் சத்தம் இல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும். ஓடிப்போய்ப் பார்த்தால் முக்காலி போட்டு ஏறி, அலமாரியின் நடுத்தட்டிலிருந்து முடிச்சை எடுத்து, பல்லால் கடித்தே அவிழ்த்திருக்கிறான். பத்து ரூபாய்த் தாள் கையில். காசைக் காணோம்.

"காசு எங்கடா?"

வாயைத் திறந்து காட்டினான். நான் கேட்கவே இல்லை, அவனாகத் திறந்து காட்டினான். அதில்தான் எனக்கு உயிரே போனது.

அள்ளிக்கொண்டு ஓடினோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். வயிற்றில் காசு இல்லை. மூன்றாம் நாள் அவருடைய ஆபீஸ் ஷூவுக்குள்ளிருந்து அது உருண்டு விழுந்தது. அந்த மூன்று நாளும் அத்தை யாரோடும் சரியாகப் பேசவில்லை. காசு கிடைத்த பிறகும் முகம் தெளியவில்லை. "நாம தள்ளிப் போட்டுட்டே இருந்தோம்ல, அவனுக்குக் கோவம் வராதா?" என்றார். 'அவன்' என்றது பழனிமலைக்காரனை. அடுத்த ஞாயிறே கிளம்புவதென்று முடிவாயிற்று.

அந்த ஞாயிறு முகூர்த்த நாள் என்பது கிளம்பிய பிறகுதான் தெரிந்தது. காலண்டரைக் கிழிப்பதும் எங்கள் வீட்டில் பையனின் வேலை. முன்கூட்டியே ஒரு மாதத்தைக் கிழித்து வைத்திருந்தான்.

திருப்பூரிலிருந்து விடிகாலையில் புறப்பட்டோம். காலையிலேயே ஏறி ஆண்டிக் கோலத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது திட்டம். தாராபுரம் பக்கம் வரிசையாகக் காற்றாலைகள். "அது ஏன் சுத்துது?" "காத்து அடிக்குது, சுத்துது." "காத்து ஏன் அடிக்குது?" இவர் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே ஓட்ட, அவன் சுத்துவதையே பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் குடித்த பாலையெல்லாம் கக்கிவிட்டான். வண்டியை ஓரங்கட்டி, சீட்டைக் கழுவி, சட்டை மாற்றி, திட்டத்தில் ஒன்றரை மணி நேரம் அங்கேயே போயிற்று.

அடிவாரத்தைப் பற்றி என்ன சொல்ல. வண்டியிலிருந்து காலை வெளியே வைப்பதற்குள் நாலு பேர். ஒருவர் நம் பையைத் தூக்கிக்கொள்கிறார். இன்னொருவர் "நடை சாத்தப் போறாங்க, இங்கயே தட்டு வாங்கிக்குங்க" என்கிறார். மூன்றாமவர் கூட்டமே இல்லாத வழி ஒன்று தனக்குத் தெரியும் என்று காதோடு சொல்கிறார். இவரும் நானும் திணறிக்கொண்டிருந்தபோது பையன் அந்த மூன்றாமவரிடம், "நீ யாரு? உன் வீடு எங்க? ஏன் இங்க நிக்கற?" என்று ஆரம்பித்துவிட்டான். ஐந்தாவது கேள்வியில் அவர் வேறு வண்டியைத் தேடிப் போய்விட்டார். அதுவரை வந்த உபகாரத்தில் பெரியது அதுதான்.

முதலில் திருஆவினன்குடி. மயில்மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தை வேலாயுதரை வணங்கிவிட்டு முடிக் கொட்டகைக்குப் போனோம். நான் பயந்த இடம் இதுதான். ஆனால் மொட்டை போட்ட பெரியவர் எத்தனை ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்தவரோ, தலையில் தண்ணீரைத் தேய்த்துக்கொண்டே, "உங்க வீட்டுல யாரு சேட்டை?" என்று கேட்டார். இவன் யோசித்தான். "அப்பா" என்றான். அந்த யோசனையிலேயே பாதித் தலை முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு அழுகைதான். அழுது முடித்து, கீழே கிடந்த முடியை ஒரு கை அள்ளி என்னிடம் நீட்டினான். "ஒட்டிடு."

குளிப்பாட்டிச் சந்தனம் பூசியதும் தலையைத் தடவித் தடவிப் பார்த்தான். அப்புறம் அத்தையின் மடியிலேயே தூங்கிவிட்டான். தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். மணி மூன்றாகிவிட்டது.

ரோப்கார் அன்றைக்குப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தது. மலைக்கு இழுத்துக்கொண்டு போகிற வின்ச் ரயிலின் வரிசையைப் பார்த்தாலே மலைப்பாக இருந்தது. அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. "நீங்க வின்ச்சுல வாங்க அத்தை, நான் கூட வர்றேன்" என்றேன். "மலையேறின்னுதான் சொல்லியிருக்கேன். ரயிலேறின்னு சொல்லல" என்று பாத விநாயகரிடம் ஒரு சிதறுகாயைப் போட்டுவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

693 படி. பெரியவர்களுக்கு அது படி. அவனுக்கோ ஒவ்வொன்றும் ஒரு கடை. முதல் படியில் யாரோ ஏற்றிவிட்டுப் போன கற்பூரம். அது அணைகிறவரைக்கும் நிற்க வேண்டும். அடுத்து ஒரு குரங்கு. அடுத்து ஒரு தாத்தாவின் காவடி, அதில் எத்தனை மயிலிறகு என்று எண்ண வேண்டும். அவன் கணக்கு ஒன்று, ரெண்டு, மூணு, அஞ்சு, பத்து. பத்து வந்துவிட்டால் திரும்ப ஒன்று.

கொஞ்சம் மேலே ஒரு பெண் படிபூஜை செய்துகொண்டு போனார். ஒவ்வொரு படியிலும் மஞ்சளைத் தொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, குனிந்து தொட்டுக் கும்பிட்டு அடுத்த படி. பேச்சே இல்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. இவன் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "படிக்குக் காயமா?" என்றான். வீட்டில் அவன் விழுந்து அடிபட்டால் அத்தை மஞ்சள்தான் வைப்பார். அந்தப் பெண் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. குங்குமக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளி வைத்தார். அதற்கப்புறம் பதினேழு படிக்கு அவர் மஞ்சள், இவன் குங்குமம். படியில் கொஞ்சம், அவன் முழங்காலில் கொஞ்சம். அத்தை அந்தப் பதினேழு படியும் வலியைச் சொல்லவே இல்லை. அந்தம்மா எதற்கு வேண்டிக்கொண்டாரோ, முருகன் நடத்திக்கொடுக்கட்டும்.

இரண்டு மலையைக் காவடியாகத் தூக்கி வந்த இடும்பனின் சந்நிதியில் "கனமா இருக்கா?" என்று இடும்பனையே கேட்டுவிட்டு, அதற்கு மேல் அப்பாவின் தோள்தான்.

மேலே வரிசையில் நின்றதுதான் பெரிய பாடு. 2023 அக்டோபரிலிருந்து மலைமேல் செல்போன் கிடையாது. நல்லதுதான், சந்நிதியில் ஆளாளுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கூத்து இல்லை. ஆனால் போன் இல்லாமல் ஒரு மூணு வயதுப் பிள்ளையைக் கம்பித் தடுப்புக்குள் ரெண்டு மணி நேரம் நிறுத்தி வைக்கிற வித்தை எனக்குத் தெரியாது. முன்னால் நின்றவர் பையைத் திறந்து பார்த்தான். பின்னால் நின்ற பாட்டியின் தண்டட்டியைப் பிடித்து இழுத்தான். தடுப்புக்கு அடியில் புகுந்து பக்கத்து வரிசைக்குப் போய்விட்டான், அங்கே யாரோ அவனுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். இதற்கிடையில் மேல் வரிசையிலிருந்து ஒரு கூட்டம் தள்ளிக்கொண்டு வந்தது. பத்து நிமிஷம் மூச்சு முட்டிப்போனோம். பிள்ளைகளோடு நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் முண்டுகிறவர்கள் அங்கே போய் என்னதான் வேண்டிக்கொள்வார்களோ!

வேறு வழியில்லாமல் இவர் கதையை ஆரம்பித்தார். வீட்டில் தினம் ராத்திரி சொல்கிற கதைதான். ஒரு பழத்துக்காக மயிலேறி உலகத்தைச் சுற்றப் போனது, அண்ணன் அம்மையப்பனைச் சுற்றிவந்து பழத்தை வாங்கிக்கொண்டது, திரும்பி வந்தவர் கோபித்துக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுக் கோவணத்தோடு மலைமேல் வந்து நின்றுவிட்டது. இந்தக் கதையை அவன் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வான். காரணம் உண்டு. கோபம் வந்தால் அவனும் அதையேதான் செய்வான். முதலில் சட்டை, அப்புறம் டவுசர், எல்லாம் திசைக்கொன்றாகப் பறக்கும். அம்மணமாகக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். கோபம் தணிந்ததும் அவனே சட்டையை எடுத்துக்கொண்டு வந்து "போடு" என்பான். எங்கள் வீட்டில் சமாதானம் என்றால் அதுதான்.

"முருகாவும் மொட்டை, நானும் மொட்டை" என்று வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். வீட்டுப் படத்தில் இருப்பது ஆண்டிக் கோலம். அதைத்தான் பார்க்கப் போகிறோம் என்று நாங்களும் சொல்லி வைத்திருந்தோம்.

நாங்கள் உள்ளே நெருங்கும்போது சாயரட்சை, அதாவது மாலைப் பூஜை. திரை போட்டிருந்தார்கள். முட்டல் மோதல் எல்லாம் அடங்கி ஒரு நிமிஷம் யாருமே பேசவில்லை. மணி அடித்தது. திரை விலகியது.

ராஜ அலங்காரம்! தலையில் கிரீடம், பட்டு, மார்பு நிறைய மாலை, கையில் தண்டம். தீபாராதனை வெளிச்சம் அந்த முகத்தில் ஏறி ஏறி இறங்குகிறது. போகர் நவபாஷாணத்தில் வடித்த அந்தச் சின்ன மேனி அத்தனை அலங்காரத்துக்குள்ளிருந்து சிரிக்கிறது. அரோகரா என்று எல்லாரும் கத்தினார்கள். எனக்குக் குரலே வரவில்லை.

அப்பாவின் தோளில் இருந்தவன் குனிந்து அத்தையைப் பார்த்து, அவனுக்கே உரிய உரத்த குரலில் கேட்டான்.

"அப்பத்தா, முருகா ட்ரெஸ் போட்டிருச்சு. கோவம் போயிருச்சா?"

அத்தை இரண்டரை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வேண்டுதல் எத்தனையோ இருந்தது. இவருடைய வேலை, என் தங்கை கல்யாணம், அவருடைய முழங்கால். ஒன்றும் சொல்லவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்ட கை அப்படியே நின்றுவிட்டது. "போயிருச்சு சாமி, போயிருச்சு சாமி" என்பது மட்டும்தான் திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் பக்கத்தில் பேரனையும் சாமி என்றுதான் கூப்பிடுவோம். யாரிடம் சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

நகருங்க நகருங்க என்று கை பட்டதும்தான் நகர்ந்தோம். விபூதி வாங்கியது, வெளியே வந்தது எதுவும் வரிசையாக நினைவில் இல்லை. கண்ணாடிப் பெட்டியின் வட்ட ஓட்டைக்குள் கையை விட்டு அவன் உள்ளங்காலைத் தொட்ட நாள்தான் கண்முன் நின்றது. என் கட்டைவிரல் அகலம்தான் இருந்தது அந்தப் பாதம். இன்றைக்கு அதே பாதத்தால் என் முதுகில் உதைத்துக்கொண்டு "எறக்கி விடு" என்கிறான். இதற்கு மேல் என்ன கேட்க? அப்பனே, போதும். கேட்காததையும் கொடுத்துவிட்டாய்.

உண்டியலில் காசை அவனே போட்டான். போட்டுவிட்டு வாய்க்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தான். "உள்ள இருட்டு" என்றான். பத்து ரூபாய்த் தாளைக் கொடுக்க மாட்டேன் என்று ஒரு சின்னச் சண்டை, அப்புறம் அதுவும் போயிற்று. மஞ்சள் துணியை மட்டும் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஏழு மணிக்குத் தங்கரதம் வெளிப்பிராகாரத்தில் வந்தது. ஊர் உலகமெல்லாம் கேள்வி கேட்டவன், அது கண்ணெதிரே ஜொலித்துக்கொண்டு போனபோது என் தோளில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிப் பார்த்தோம், ம்ஹூம். இறங்கும்போது அத்தை மறு பேச்சு பேசாமல் வின்ச்சில் ஏறினார். ஏறினது மட்டும்தான் வேண்டுதல், இறங்கினது இல்லையாம்.

வீட்டுக்கு வந்து ரெண்டு நாளில் பஞ்சாமிர்த டப்பா காலி. மூடியைத் திறக்க அவனுக்குச் சொல்லியா தர வேண்டும்.

நேற்றுக் காலை அந்த மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனான். நடுவில் அவனுடைய பொம்மை லாரியின் ஒற்றைச் சக்கரம் இருந்தது. மற்ற மூன்றும் எங்கே போயின என்பது அவனுக்கும் முருகனுக்கும்தான் தெரியும்.

"கட்டு அப்பத்தா. முருகாவுக்கு."

அத்தை சிரிக்கவே இல்லை. கையலம்பிக்கொண்டு வந்து, துணியை மடித்து, இறுக்கி முடிச்சுப் போட்டுப் படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றிவிட்டார். இந்தத் தடவை மேல்தட்டில்.