மிளகாய்ச் செடியில் சுருட்டை: முண்டுப் புஞ்சை நாட்குறிப்பு

ஜனவரி 6

மழை ஓய்ந்து வெயில் ஏறிவிட்டது. உருண்டைக் காய் காய்க்கும் முண்டு மிளகாய் பூவெடுக்கும் நேரம். வடக்கு வரப்பை ஒட்டிய செடிகளில் கொழுந்து சுருங்கி நிற்கிறது. பக்கத்துப் புஞ்சை அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "சுருட்டை விழுந்திருச்சு தம்பி, கடையில சொல்லி மருந்து வாங்கி அடிச்சிரு" என்றார். சாறு குடிக்கும் இலைப்பேனும் சுருட்டும், கண்ணுக்குத் தெரியாத செடிச் சிலந்தியும் சுருட்டும், வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸும் சுருட்டும். எதுவென்று பார்க்காமல் டேங்கைத் தோளில் மாட்டப் போவதில்லை.

ஜனவரி 7

வெயிலுக்கு முன்னால் போய், சுருண்ட கொழுந்துகளுக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினேன். வெளிர் மஞ்சளில் கீற்றுக் கீற்றாக ஓடின. ஒரு மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். இலைப்பேன். இலையின் இரு ஓரமும் மேல்நோக்கி மடிந்து படகு போல இருக்கிறது. அடிப்பக்கம் வெள்ளி மினுமினுப்பு, பழைய இலைகளில் அதுவே பழுப்பாகிவிட்டது. இலையைச் சுரண்டிச் சாறு குடிப்பதால் வரும் தடம் அது. வறண்ட வெயிலில்தான் இது பெருகும்.

சாயங்காலம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறப்போட்டாயிற்று. 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு.

ஜனவரி 8

வடித்து, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தபின் அடித்தேன். நாசிலை அண்ணாந்து பிடித்தால்தான் இலையின் அடியில் படும்.

ஜனவரி 13

பொங்கல் வேலைக்கு நடுவே கிணற்றடிப் பக்கம் போனேன். அங்கேயும் சுருட்டை, ஆனால் ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்திருக்கின்றன, கவிழ்த்த படகாக. இலை குறுகிக் கரும்பச்சையாக, காம்பு மட்டும் நீண்டு கிடக்கிறது. தாளில் தட்டினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்து மடங்கு லென்ஸை வைத்தேன். கொழுந்தின் அடியில் பளிங்கு நிறத்தில் ஊர்கிறது. பக்கத்தில் முட்டைகள், முட்டை மேலே வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். முரணைச் சிலந்தியேதான். எட்டுக் கால், பூச்சி இனமே கிடையாது. அதனால்தான் பல பூச்சி மருந்துகள் இதைச் சாய்ப்பதில்லை. சில மருந்துகளோ இதைத் தின்னும் நல்ல சிலந்திகளைக் கொன்று இதைப் பெருக்கிவிடும்.

இதற்கு நனையும் கந்தகம், தண்ணீரில் கலந்து அடிக்கும் தூள். பாக்கெட்டில் போட்ட அளவு, உச்சி வெயிலில் அடிக்கவே கூடாது. வேப்பெண்ணெய் அடித்த செடிக்கு இரண்டு வாரமாவது இடைவெளி விடாமல் கந்தகம் கொடுத்தால் இலை கருகும். கிணற்றடிக்கு வேம்பு போகவில்லை, நல்லதாயிற்று.

ஜனவரி 19

பூ உதிர்கிறது. உடனே பூக்களைப் பிரித்துப் பார்த்தேன். 2021 கடைசியில் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் மிளகாயைக் குலைத்த கருப்பு இலைப்பேன் பூவுக்குள்ளேதான் கூடும். இந்தியாவில் 2015-இல் பெங்களூருவில் பப்பாளியில் முதலில் கண்டது அது. நல்லவேளை, நான் பிரித்த பூக்களில் இல்லை. இருந்தாலும் நீல ஒட்டுப்பொறி கட்டிவிட்டேன், மனசு கேட்கவில்லை.

ஜனவரி 24

நடுப் பாத்தியில் ஒரு செடி வளராமல் குட்டையாக நிற்கிறது. இலை சிறுத்து, மேடுபள்ளமாகி, மஞ்சளோடி, நரம்பு தடித்திருக்கிறது. தாளிலும் ஒன்றுமில்லை, லென்ஸிலும் ஒன்றுமில்லை. சுற்றியுள்ள செடிகள் நன்றாக இருக்கின்றன. இலைச்சுருள் வைரஸ் என்றுதான் தோன்றுகிறது. இதற்கு மருந்து கிடையாது.

"ரெண்டு காய் கிடக்கே தம்பி, பிடுங்கணுமா?" என்றார் அண்ணன். பிடுங்கித்தான் ஆக வேண்டும். அது நிற்கும்வரை வெள்ளை ஈ அதில் குடித்துவிட்டு அடுத்த செடிக்குப் போகும். பிடுங்கிப் புதைத்துவிட்டு, வெள்ளை ஈக்கு மஞ்சள் பொறி வைத்தேன்.

பிப்ரவரி 2

வடக்கு வரப்பில் புதுக் கொழுந்து விரிந்து வருகிறது. பழைய இலைகள் சுருண்டபடியே இருக்கின்றன. ஒருமுறை சுருண்டது நிமிராது, அதைப் பார்த்து மறுபடி அடிப்பது வீண். மருந்து பிடித்ததா என்பதைக் கொழுந்தில்தான் பார்க்க வேண்டும். ஒரு செடியில் எறும்பு ஏறியது. மேலே அசுவினி, அதைத் தின்ன பொறிவண்டுப் புழுக்கள். அதற்கு ஒன்றும் அடிக்கவில்லை.

பிப்ரவரி 5

அண்ணன் தன் புஞ்சையிலிருந்து ஒரு கொழுந்து ஒடித்து வந்தார். கடையில் கலந்து கொடுத்த மருந்தை அடித்தபின் சுருட்டை கூடிவிட்டதாம். ஓரம் கீழ்நோக்கி, காம்பு நீளம். லென்ஸை அவரிடமே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். "அடேயப்பா, ஊருது!" நாளைக் காலை இரண்டு பேரும் கந்தகம் வாங்கப் போகிறோம்.